கர்ப்ப கால மாத்திரைகளும் கைக்குழந்தை மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று எனக்கு 22 வருடம் ஆகிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் "இந்த மாத்திரையைப் போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். ஆனால் "இதை நிறுத்திவிடட்டுமா?" என்று யாரும் கேட்பதில்லை. நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து சொல்வார்கள். கேட்காமல் போட்டதால் வந்த தொல்லையைவிட, கேட்காமல் நிறுத்தியதால் வந்த தொல்லையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம். இதில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் அட்டையில் மருத்துவர் எழுதியிருப்பதுதான் உங்களுக்கான அளவு.

நாள் தள்ளிப்போனது தெரியாமல் சளிக்கும் தலைவலிக்கும் மாத்திரை போட்டுவிட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதுவும் அழுதுகொண்டே. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

கரு உருவான முதல் இரண்டு வாரத்தில் அது இன்னும் ஒரு சிறு செல் கூட்டம்தான். அந்த நேரத்தில் ஒரு மருந்து பெரிய கெடுதல் செய்தால் கரு தங்காமலே போய்விடும். தங்கிவிட்டால் பொதுவாகக் குறை இல்லாமல் வளரும். கவனமாக இருக்க வேண்டியது அதற்கு அடுத்த ஆறு வாரம். இதயம், கை கால், முதுகுத்தண்டு, முகம் எல்லாம் உருவாவது அப்போதுதான். அந்த நாட்களில் கெடுதல் செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த மருந்துகளின் பட்டியல் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நீளமானது இல்லை. பாரசிட்டமால், செட்ரிசின், அமாக்ஸிசிலின் போன்றவை அதில் கிடையாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எந்த மருந்துமே எடுக்காத தாய்மாருக்கும் நூறு குழந்தைகளில் சுமார் மூன்று ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறது. காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. "அந்த ஒரு மாத்திரையால்தான்" என்று ஒரு தாய் வருடக்கணக்கில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடப்பது எவ்வளவு பெரிய கொடுமை.

மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்த மருந்து, எத்தனை, எந்தத் தேதி என்று சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் உறுப்புகளை விரிவாகப் பார்க்கலாம். மாத்திரை போட்டுவிட்டோம் என்ற பயத்தில் மட்டும் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போய்விடாதீர்கள்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

காரணம் தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த மருந்து அது. மசக்கை வாந்திக்கும் கேட்கும் என்று கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல், தோளிலிருந்து நேரே விரல் முளைத்ததுபோலக் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த மருந்து விற்பனைக்கு வரவில்லை. பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, பாதுகாப்புக்கான ஆதாரம் போதவில்லை என்று கடைசிவரை அனுமதி தர மறுத்தார். எத்தனையோ குழந்தைகள் கை காலோடு பிறந்தது அவருடைய பிடிவாதத்தால்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தாலிடோமைடு கெடுதல் செய்தது கரு உருவாகிச் சுமார் 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை எடுத்தவர்களுக்குத்தான். எந்த மருந்து என்பதோடு எந்த நாளில் என்பதும் முக்கியம். அதனால்தான் மருத்துவர் முதலில் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்கிறார்.

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலைப் படித்துவிடுங்கள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். தாய்க்கு மூச்சு தடைபட்டால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும். சமையலறையில், மாடிப்படியில், குளியலறையில் விழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. வீட்டுப் பெரியவர்கள் நல்ல மனதோடுதான் "மாசமா இருக்கும்போது இவ்வளவு பவர் மாத்திரை எதுக்கும்மா" என்பார்கள். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அதேசமயம் எல்லா வலிப்பு மாத்திரையும் ஒன்றில்லை. சோடியம் வால்ப்ரோயேட் கர்ப்பத்தில் மிகவும் சிக்கலானது. அதை எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது அதில் ஒன்று. நூற்றில் 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தையில் வளர்ச்சிக் குறைபாடு தெரியலாம். லாமோட்ரிஜின், லெவடிராசிடம் இரண்டும் இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை. ஆனால் மாற்றுவதைக் கர்ப்பத்துக்கு முன்பே, நரம்பியல் மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்காகவே 1998 முதல் ஒரு பதிவேடு நடத்தி, தாய்களையும் குழந்தைகளையும் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். முறையாக மருந்து எடுத்த பெண்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள்.

கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால், வரன் பார்க்கத் தொடங்கும்போதே மருத்துவரிடம் பேசுங்கள். மறைத்துக் கல்யாணம் செய்துவைத்து, புகுந்த வீட்டில் மாத்திரையைக் காட்ட முடியாமல் நிறுத்திவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பெற்றவர்கள்தான் போக்க வேண்டும்.

தைராய்டு, பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா மாத்திரைகள்?

தைராக்ஸின்: நிறுத்தவே கூடாது. முதல் சில மாதம் குழந்தைக்குத் தனக்கென்று தைராய்டு சுரப்பு கிடையாது. அதன் மூளை வளர்ச்சி தாயின் சுரப்பை நம்பித்தான் நடக்கிறது. கர்ப்பமானதும் பலருக்கு டோஸ் கால் பங்குக்கும் மேலே கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளியதும் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்; சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சேராது.

பிரஷர்: டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகள் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். லெபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இவற்றில் ஒன்றுக்கு மாற்றுவார்கள். மாற்றும்வரை மாத்திரையே இல்லாமல் இருக்கக் கூடாது. உடனே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை: இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. "ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடணும்" என்பது சரியில்லை. கர்ப்பத்தில் மட்டும் வரும் சர்க்கரைக்கு, பிரசவத்தோடு ஊசி பெரும்பாலும் நின்றுவிடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்ப கால நீரிழிவு. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறை பரவ முக்கியக் காரணம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி வெறும் வயிற்றில் காத்துக் கிடக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

ஆஸ்துமா: இன்ஹேலரைத் தொடருங்கள். மூச்சிரைப்புதான் குழந்தைக்குக் கெடுதல்.

கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டிய வேறு மருந்துகள் உண்டா?

பருவுக்குப் போடும் ஐசோட்ரெடினாயின் காப்ஸ்யூல் முக்கியமானது. பிறவிக் குறை உண்டாக்குவதில் தாலிடோமைடுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய மருந்து இது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கரு தரிக்கலாம். மூட்டு வாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், தைராய்டு அதிகம் சுரப்பதற்கான கார்பிமசோல் இவற்றையும் முன்கூட்டியே பேசி மாற்ற வேண்டும். பேசி என்பதை அழுத்திச் சொல்கிறேன். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தினால் இதய வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்க வேண்டும்?

கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் பாதி தாமதம்தான். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகும் குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். அதாவது நாள் தள்ளி இரண்டு வாரத்துக்குள். பலருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே, ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே, தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குவது நல்லது. முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு மாத்திரை எடுத்தாலோ, சர்க்கரை இருந்தாலோ மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார். அப்படி ஒரு குழந்தை ஏற்கெனவே பிறந்த தாய்மாரிடம் ஏழு நாடுகளில் செய்த ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அது மறுபடி நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது.

இந்தச் சத்தின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகை இரும்புக்குக் கட்டுப்படாதது ஏன் என்று தேடினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆய்வு நடந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் பிறகு கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது. கோஷா ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணிடமும் இதைச் சொல்லத் தோன்றும் எனக்கு.

சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமாமே? பெரிதாகி, ஆபரேஷன் ஆகிவிடுமாமே?

இரண்டும் உண்மையில்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து வந்த பேச்சு இது. உடம்பில் சேராத இரும்பு அப்படி வெளியேறுகிறது, அவ்வளவுதான். குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது.

நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் தினமும் இரண்டு சொல்வார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, மாதம் ஏறி ரத்தம் ஏறாவிட்டாலோ, நரம்பு வழியாக இரும்புச்சத்து ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள்.

எல்லாம் கொடுத்தாலும், பீரோவுக்குள் பிரிக்காத சிவப்பு மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருப்பதுதான் உண்மை நிலவரம். குமட்டுகிறது, மலச்சிக்கல், வாயில் ஒரு இரும்பு வாடை. நர்சம்மா கேட்டால் "சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடுவது. தயவுசெய்து அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்டபின் படுக்கப் போகும்போது போட்டால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக உடம்பில் சேரும். டீ, காபி, பால் கூடாது. கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை எழுதியிருந்தால் காலைச் சாப்பாட்டுக்கும் ஒன்று. இரும்பும் கால்சியமும் ஒரே வேளையில் வேண்டாம்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு யாருக்கும் வரலாம். ஹீமோகுளோபின் 12 இருக்கும் தாய் தாங்கும் ரத்த இழப்பை, 7 இருக்கும் தாய் தாங்க மாட்டாள். ஒவ்வொரு மாத்திரையும் அந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைப்பது.

மசக்கை வாந்திக்கு மாத்திரை போடலாமா? பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6ம் சேர்ந்த மாத்திரை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. பாதுகாப்பானது என்று மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தது. தூக்கம் வரும், அதனால் ராத்திரியில் தொடங்குவார்கள்.

பயத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மருந்தே சாட்சி. அமெரிக்காவில் வழக்கு மேல் வழக்கு போட்டதால் 1983இல் தயாரித்த நிறுவனமே இதை நிறுத்திவிட்டது. பிறவிக் குறைகள் அதன்பிறகு குறையவில்லை. வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகள்தான் அதிகமானார்கள். 30 வருடம் கழித்து, 2013இல் அதே கலவைக்கு அங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எடை இறங்குகிறது என்றால் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். தாமதிக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா?

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே அப்படிப் பேசியதிலிருந்து இந்தக் கேள்வி தினமும் வருகிறது. அப்படி உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே தெளிவுபடுத்தியது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டது. ஒரு கர்ப்பத்தில் மாத்திரை எடுத்து இன்னொன்றில் எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளுக்குள் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை.

காய்ச்சலை அப்படியே விடுவது நல்லதில்லை. முதல் மாதங்களில் கடும் காய்ச்சல் கருவைப் பாதிக்கும். தேவைக்கு, தேவையான நாள் மட்டும் எடுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனை வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவை மறக்கக் கூடாது.

முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் போடலாமா?

வேண்டாம். ஐந்து மாதத்துக்கு மேல் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை பனிக்குட நீரைக் குறைக்கும். ஏழு மாதத்துக்கு மேல் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடிவிடும். பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், ஓய்வு போதும்.

அப்புறம் ஏன் மருத்துவரே எனக்கு ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார்?

அது வலிக்கு எழுதியது இல்லை. 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான சிறு அளவு ஆஸ்பிரின், கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் ஆபத்தைத் தடுக்க. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கடையில் யாராவது "ரத்தம் லேசாகும் மாத்திரை" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது என்பதை எழுதிய மருத்துவரே சொல்வார்.

ஏழாம் மாதத்தில் வலி வந்ததும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு கெட்டதில்லையா?

அந்த ஊசி உங்கள் குழந்தையின் நுரையீரலுக்காக. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் விரிந்து நிற்காது. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்திய ஒரு ஆட்டின் குட்டி, பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து தாய்மாரிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். டெக்ஸாமெதசோன் என்றால் 12 மணி நேர இடைவெளியில் நாலு ஊசி, பீட்டாமெதசோன் என்றால் ஒருநாள் இடைவெளியில் இரண்டு. விலை மிகக் குறைவு. இதனால் மூச்சுவிட்டுப் பிழைத்த குழந்தைகளை எண்ணி முடியாது. சர்க்கரை உள்ள தாய்க்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு நெகட்டிவ் ரத்தம். ஒரு விலை உயர்ந்த ஊசி போடச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம். அது ஆன்டி-டி. ஏழாம் மாதம், அதாவது 28ஆம் வாரம் ஒன்று. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். முதல் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. போடாமல் விட்டால் அடுத்த குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடம்பே எதிர்க்கும்.

கரு கலைக்கும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடலாமா?

சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி தவறு. விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தொழிலில் இருப்பவள் என்ற முறையில் அது எனக்கு வேதனை.

மிஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டுமே நல்ல மருந்துகள். சரியான நாளில், ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பாதுகாப்பானவை. பார்க்காமல் போடும்போது மூன்று ஆபத்து. கரு கருப்பையில் இல்லாமல் குழாயில் இருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளேயே ரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள் வலி, மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள். இரண்டாவது, பாதி கலைந்து பாதி தங்கி, ரத்தப்போக்கும் சீழும். மூன்றாவது, கலையாமல் கரு தொடர்ந்தால் மிசோப்ரோஸ்டால் குழந்தையைப் பாதிக்கலாம்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புதல் போதும். குறிப்பிட்ட சூழல்களில் இரண்டு மருத்துவர் ஒப்புதலோடு 24 வாரம் வரை முடியும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. உங்கள் பெயரை வெளியில் சொல்வது குற்றம்.

அவசரக் கருத்தடை மாத்திரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. இந்தியாவில் இதற்குச் சீட்டு தேவையில்லை. இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகளில் "இல்லை" என்பார்கள், கேட்ட பெண்ணை மேலும் கீழும் பார்ப்பார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டியது கேட்டவர் இல்லை.

பால் கொடுக்கும்போது மாத்திரை போட்டால் பாலை நிறுத்த வேண்டுமா?

மிகச் சில மருந்துகளுக்கு மட்டும்தான். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், அமாக்ஸிசிலின், தைராக்ஸின், இன்சுலின் எல்லாவற்றோடும் பால் கொடுக்கலாம். கோடீன் உள்ள இருமல் மருந்தும் ட்ரமடால் வலி மாத்திரையும் வேண்டாம். குழந்தை அயர்ந்து, மூச்சு மந்தமாகிவிடும். புற்றுநோய் மருந்துகளும் கூடாது. சந்தேகம் இருந்தால், பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையைப் போடுங்கள்.

கருத்தடைக்கு, பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் 'சாயா' ஹார்மோன் இல்லாதது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

குங்குமப்பூ, லேகியம், நாட்டு மருந்து?

குங்குமப்பூவை இரண்டு இதழ் பாலில் போட்டுக் குடித்தால் மணமாக இருக்கும். நிறம் வராது. பிரசவமான பிறகு வீட்டில் செய்யும் அளவான லேகியத்தில் எனக்குக் குறை இல்லை. நான் பயப்படுவது பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடிக்கும் பஸ்பத்துக்கும். ஈயமோ பாதரசமோ இருந்தால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில், கர்ப்பம் என்று சொல்லி வாங்குங்கள். ஐந்தாம் மாதத்தில் "பேதி ஆனால் உடம்பு லேசாகும்" என்று விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம்.

பிறந்த குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா?

சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு எல்லாம் உரைத்து நாக்கில் தடவும் வழக்கம் அன்பால் வந்தது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஆனாலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றுதான் சொல்வேன். உரைகல்லில், விரலில், தண்ணீரில் இருக்கும் கிருமியை அந்தச் சின்னக் குடல் தாங்காது. சேனை வைக்கும் தேனும் ஒரு வயதுவரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 யூனிட் தேவை. ஒரு மில்லியில் 400 உள்ள புட்டியும் உண்டு, 800 உள்ள புட்டியும் உண்டு. வாங்கும்போதே என்ன அளவு என்று கேட்டு அட்டைப்பெட்டியில் எழுதி வாங்குங்கள். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் குப்பியைத் தவறியும் தினம் கொடுத்துவிடக் கூடாது.

குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எத்தனை மில்லி?

வயதைச் சொன்னால் போதாது, எடையைச் சொல்லுங்கள். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் இது ஒன்றரை மில்லி. ஐந்து மில்லியில் 250 உள்ள சிரப்பில் மூன்று மில்லி. ஐந்து மில்லியில் 120 உள்ள சிரப்பில் சுமார் ஆறு மில்லி. மூன்றும் ஒரே மருந்துதான். பக்கத்து வீட்டில் "அஞ்சு மில்லி கொடுத்தேன்" என்று சொன்னதை வைத்துச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி கொடுத்தால், மூன்று மடங்குக்கும் மேல் போய்விடும். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள். கூட வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. 12 வயதுக்குக் கீழ் நிமசுலைடு 2011 முதல் இந்தியாவில் தடை.

இருமல் சிரப்?

சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது, அனுமதி 0.1 சதவீதம்தான். 1972லேயே சென்னையில் இதே நச்சால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதுவே நடந்தது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்பது மத்திய அரசின் அறிவுரை. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வயது தாண்டியிருந்தால் அரை ஸ்பூன் தேன். சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். மூச்சு வேகமாக வாங்குகிறது, நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது என்றால் மட்டும் சிரப்பைத் தேடி என்னிடம் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் பாதி மீதி இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?

தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வீரியம் இழந்துவிடும். கொட்டிவிடுங்கள். அது ஏன் மீதி ஆனது என்பதையும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.